ஒன்றும் கேட்காத வேலை

அலுவலகத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிர்வாழ்ந்தது. சேர்ந்த புதிதில் ஒருநாள் கணினிகள் வைத்திருந்த அறையில் புகை கிளம்பி, எல்லோரும் மாடிப்படியில் முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள். அவள் தட்டிக்கொண்டிருந்த வரியை முடித்து, சேமித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். தெருவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மேலாளர் அன்றைக்கு வைத்த பெயர் அது. அதற்கப்புறம் "நிதானத்தக் கேளு", "நிதானம் இன்னிக்கு லீவு", "நிதானம் இல்லாம எதுவும் பண்ணாதீங்க" என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். கணவர் சமையலறையில் நின்று "சல்லடை எங்க?" என்று கேட்டால், வாயைத் திறக்காமல் மேல்தட்டைக் கைகாட்டுவாள். சல்லடை அங்கே இருக்கும்.

வீடுகளுக்கு வேலையாட்களை அனுப்பிவைப்பது அந்த நிறுவனத்தின் தொழில். குழாய் ஒழுகினாலோ கதவு இறுகிக்கொண்டாலோ கைபேசியில் பதிந்தால் போதும். என்ன வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று வாடிக்கையாளர் சின்னச் சின்னக் கட்டங்களில் டிக் போடுவார். தனக்கு என்னென்ன தெரியும் என்று வேலையாளும் சேரும்போதே டிக் போட்டிருப்பார். இரண்டையும் பொருத்திப் பார்த்து, பொருந்துகிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். முதலில் வாசலில் போய் நிற்பவருக்கு வேலை. இந்தக் கடைசி விதி மேலாளருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஆட்கள் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

பொருத்திப் பார்க்கிற இடத்தில்தான் கோளாறு. வாடிக்கையாளர் பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு சக்கரம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். "ஆள் கிடைக்கறதுக்குள்ள குழாய் தானா நின்னுடும் போல" என்று மேலாளர் கூட்டத்தில் நொந்துகொண்டார். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி முழுக்கக் காலியாகி, ஒழுகல் தானாகவே நின்றுவிட்டது என்று ஒரு வீட்டுக்காரர் எழுதிய புகார் எல்லோருக்கும் தெரியும்.

"இதுக்கு ஏற்கெனவே இண்டெக்ஸ் போட்டாச்சுன்னு சொன்னாங்களே நிதானம்?" என்றார் மேலாளர்.

"போட்டிருக்கு சார்."

"அப்புறம் ஏம்மா இந்த ஊர்தல்?"

"இண்டெக்ஸ் சும்மா உக்காந்திருக்கு. அத யாரும் கூப்பிடல."

மேலாளர் முகத்தைப் பார்த்து, அவள் கொஞ்சம் விளக்கினாள். தடிப் புத்தகங்களின் கடைசியில் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று கொடுத்திருப்பார்கள் அல்லவா, இண்டெக்ஸ் என்பது அதே ஏற்பாடுதான். வெல்டிங் என்ற சொல்லுக்கு எதிரே வெல்டிங் தெரிந்தவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ஆனால் தரவுத்தளத்தில் அந்தப் பகுதியைப் புரட்டவைக்க, கேள்வியை அதற்குப் புரிகிற விதத்தில் கேட்க வேண்டும். ஒரு வேலையாளுக்குத் தெரிந்த தொழில்கள் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் கோத்துக் கிடக்கும், அர்ரே என்பார்கள். பழைய நிரல் ஒவ்வோர் ஆளாக நிறுத்தி, "நீ கோத்துவைத்ததில் ஏதாவது ஒன்று வெல்டிங்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்படிக் கேட்டால் இண்டெக்ஸுக்குக் காது கேட்காது. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை வரிசையாகத் தட்டி எழுப்ப வேண்டியதுதான். அதையே "கேட்ட தொழில்கள் எல்லாம் இவருடைய தொழில்களுக்குள் அடக்கமா?" என்று திருப்பிக் கேட்டால் இண்டெக்ஸ் எழுந்து ஓடிவரும். அதற்கென்று ஒரு குறி இருக்கிறது: மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்தச் சுருள், அதை ஒட்டி ஒரு கோணல் அம்புமுனை.

"ரெண்டும் ஒரே அர்த்தம்தானே?" என்றார் மேலாளர்.

"நமக்கு ஒரே அர்த்தம்."

அன்றே மாற்றினாள். நீளமான பழைய கேள்வியைத் தூக்கிவிட்டு ஒற்றை வரியாக எழுதினாள். அதன் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வரிகளையும், இனி எதற்கு என்று எடுத்துவிட்டாள். ஓட்டிப் பார்த்தபோது சக்கரத்துக்குச் சுற்ற வாய்ப்பே கிடைக்கவில்லை. மேலாளர் வந்து பொத்தானைத் தானே அமுக்கிப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். சின்னக் குழந்தைக்கு அழைப்புமணி கிடைத்த மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி அவளுக்குக் கைதட்டவைத்தார். அவளும் எழுந்து நின்றாள். யாருக்கு என்று யோசிக்காமல் தானும் இரண்டு தட்டுத் தட்டினாள்.

மறுநாள் காலை அவள் தம்பி கூப்பிட்டான். தம்பி ஏசி மெக்கானிக். நிறுவனத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான். அலுவலக நேரத்தில் கூப்பிடாதே என்று சொல்லிவைத்திருந்ததால், கூப்பிடுகிறான் என்றால் விஷயம் இருக்கும்.

"அக்கா, உங்க கம்பெனிலேர்ந்து ஒரு வேலைக்கு மெசேஜ் வந்துச்சு. வந்து நிக்கறேன்."

"சரி, செய்யி."

"எங்க செய்யறது? எனக்கு முன்னாடி ஒரு கல்யாணக் கூட்டம் நிக்குது. வேன், ஏணி, டிரில்லு, ஒருத்தர் சிமெண்ட் கலக்கற மெஷினையே இழுத்துட்டு வந்துட்டார். எல்லாருக்கும் அதே மெசேஜாம்."

"என்ன வேலைன்னு போட்டிருக்கு?"

"'அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் வரும்வரை யாராவது கூட இருக்க வேண்டும்.' அவ்வளவுதான். டிக் ஒன்னுகூட இல்ல. அக்கா, இந்தப் பெரியவர் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு ஒருத்தரையும் உள்ள விடமாட்டேங்கறார். வீட்ட இடிக்க வந்திருக்கோம்னு நெனைக்கிறார்."

டிக் ஒன்றுகூட இல்லை என்று அவன் சொன்னபோதே நிதானத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுடைய கேள்வி என்ன? கேட்ட தொழில்கள் எல்லாம் இவரிடம் அடக்கமா? ஒரு தொழிலுமே கேட்கவில்லை என்றால் அந்தக் கேள்வி வெறும் பை, அதை எந்தப் பைக்குள்ளும் திணித்துவிடலாம். குழாய்க்காரருக்குள்ளும் அடக்கம், தச்சருக்குள்ளும் அடக்கம். ஊரில் பதிந்திருக்கிற அத்தனை பேருக்குள்ளும் அடக்கம். தரவுத்தளத்தின் கணக்கு பிசகவே இல்லை. முந்தின நாள் அவள் தூக்கியெறிந்த அந்த இரண்டு வரிகள்தான், கேட்பது ஒன்றும் இல்லாவிட்டால் தேடவே வேண்டாம், அலுவலகத்து ஆள் கூப்பிட்டு விசாரிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவை.

அந்த வரிகளை மறுபடி போட்டுவிட்டு மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் தண்ணீர் குடித்தார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"வேலை பதிஞ்சது அவர் பொண்ணுதானே, கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுத வெளியூர் போயிருக்காங்க. போன் அணைச்சிருக்கு. தம்பி பக்கத்து வீட்ல விசாரிச்சுச் சொன்னான்."

"கண் ஆபரேஷன் பண்ணவர் வாசல்ல டிரில்லோட ஒரு கூட்டம்!" மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நிதானம், நீங்க போயிடுங்க. நேர்லயே போயிடுங்க. எனக்கு அங்க வந்து பேச வராது."

"எனக்கும் வராது சார்."

"வராட்டியும் பரவாயில்ல. நீங்க நின்னாலே கூட்டம் அமைதியாயிடும்."

அவள் போனாள்.

தெருமுனையிலிருந்தே வண்டிகள். நடைபாதையில் வண்ணப்பூச்சு வாளிகளை அடுக்கிவைத்து அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரும்புக் கேட்டை ஒட்டி ஏணிகள் சாய்ந்து நின்றன, ஏதோ கோட்டையைப் பிடிக்க வந்த படை இளைப்பாறுகிற மாதிரி. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பயந்து ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்துவிட்டார்கள். வாசலுக்கே வந்து நிற்கிற குழாய்க்காரரை யார் விடுவார்கள்? எதிர்வீட்டு அம்மாள் ஒருவரைக் கையோடு உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று முற்றத்துக்கு வந்து வயிறு திறந்து கிடந்தது. தெருவே பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு வீட்டில் மட்டும் வேலை நடக்கவில்லை.

வாசற்படிக்கு நேரே நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் துளைதுளையான பிளாஸ்டிக் மூடி, அதைச் சுற்றி ஒட்டுநாடா. இன்னொரு கண்ணிலும் பார்வை அவ்வளவாக இல்லை என்பது மற்றவர்களின் குரல் வந்த திசைக்கு அவர் முகத்தைத் திருப்பிப் பேசியதில் தெரிந்தது. ஆள் ஒல்லி. குரல் மட்டும் வேறு யாரிடமிருந்தோ வாங்கிவைத்த மாதிரி பெரிசு. முப்பது வருஷத்துக்கு மேல் நீதிமன்றத்து வராந்தாவில் நின்று சாட்சிகளின் பெயரைக் கூப்பிட்டவர் என்று தம்பி காதோடு சொன்னான்.

"இந்த வீடு என் பேர்ல இருக்கு! ஒரு செங்கல்ல கை வைக்கணும்னாலும் உத்தரவக் காட்டுங்க!"

"ஐயா, நாங்க இடிக்க வரல" என்று ஒரு கொத்தனார் பத்தாவது தடவையாகவோ என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"பின்ன எதுக்குய்யா கடப்பாரை?"

கொத்தனார் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நிதானம் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, தான் யார், எந்த நிறுவனம் என்று சொன்னாள். பெரியவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்கதான் இவங்கள ஏவிவிட்டதா?"

"ஆமா."

கூட்டத்தில் சலசலப்பு. தம்பி அவள் முழங்கையைத் தொட்டான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"உங்க பொண்ணு உங்ககூட இருக்க ஒரு ஆள் கேட்டாங்க. அதுக்கு எங்க கம்பெனில கட்டம் கிடையாது. அதனால எதையும் டிக் போடல. எதுவும் கேக்கலன்னா எல்லாரும் பொருத்தம்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு."

"அது எப்படி?"

"கணக்குப்படி அது சரிங்க."

"கணக்கு சரின்னா தப்பு யாருது?"

"என்னோடது. அதத் தடுக்கற வரிய நான்தான் நேத்து எடுத்தேன்."

பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வாழ்நாளெல்லாம் கோர்ட்டு வாசல்ல நின்னேன். முதல் கேள்விக்கே ஒத்துக்கிட்ட ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். உக்காருங்க."

உட்கார ஒன்றும் இல்லை. வண்ணம் பூசுகிறவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. பெண் வரும்வரை ஒருவர் கூட இருக்கத்தான் வேண்டும். மணிக்கணக்கில் இடைவெளி விட்டுக் கண்ணில் மருந்து விட வேண்டும், குனியக் கூடாது, தூசு படக் கூடாது. அவராகக் கையைத் தூக்கி விட்டுக்கொண்டால் மருந்து கன்னத்தில் போகிறதாம். நிதானம் தானே இருந்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் மருந்துக் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதை நினைத்தாலே அவளுக்குக் கை நடுங்கியது. அவளுக்குப் பயமாக இருந்த ஒரே விஷயம் அது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

"இத்தன பேர் வந்திருக்காங்கல்ல. நானே ஆளப் பாத்து எடுத்துக்கறேன்" என்றார் பெரியவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அந்தத் தெரு அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கூப்பிட்டார். "வரிசையா வாங்க! தொழிலச் சொல்லுங்க!"

எதற்கென்றே தெரியாமல் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு சக்தி.

"டைல்ஸ் ஒட்டறதுங்க."

"என் கண்ணுல ஒட்டணுமா? அடுத்து!"

"வெல்டிங்."

"வெல்டிங்கா! டாக்டர் வெளிச்சத்தப் பாக்காதன்னு சொல்லி அனுப்பியிருக்கார். தள்ளி நில்லுப்பா. அடுத்து!"

"கரப்பான்பூச்சி, எலி, எறும்பு எல்லாத்துக்கும் மருந்து அடிப்போம் ஐயா."

"வீட்ல இப்போ உயிரோட இருக்கறது நான் ஒருத்தன்தான். அடுத்து!"

தச்சர் ஒருவர் தனக்குப் பொறுமை அதிகம் என்று சொல்லிப் பார்த்தார். அவர் சட்டையிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. நிதானம் எழுந்து அவரைக் காற்றுக்கு அந்தப் பக்கமாக நகர்த்தி நிறுத்தினாள். தம்பியின் முறை வந்தது.

"ஏசி மெக்கானிக்."

"எங்க வீட்ல ஏசி கிடையாது."

"தெரியும் ஐயா. அதான் ஃபேன கழட்டிச் சுத்தம் பண்ணிட்டேன்."

"எப்போ?"

"நீங்க வாசல் பக்கம் சத்தம் போட்டுட்டிருந்தப்போ பின்பக்கமா வந்தேன்."

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். "இவன் யாரு?"

"என் தம்பி" என்றாள் நிதானம்.

"அதையும் ஒத்துக்கறீங்க. சரி. அடுத்து!"

வரிசை கரைந்துகொண்டே வந்தது. தள்ளுபடியானவர்களில் பாதிப்பேர் அக்கம்பக்கத்து வேலைகளுக்குப் போனார்கள், மீதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்கள். சிமெண்ட் கலக்கும் இயந்திரம் வந்த மாதிரியே சத்தம் போட்டுக்கொண்டு போனது. கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். மதில் நிழலில், கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் பை இல்லை, கருவி இல்லை.

"தொழிலச் சொல்லு!"

"ஒன்னும் இல்லீங்க."

"ஒன்னும் இல்லன்னா?"

"நான் எதுவும் பதியலீங்க. மெசேஜ் வந்துச்சு. சேந்ததுலேர்ந்து இதான் மொத மெசேஜ். தப்பா அனுப்பியிருப்பாங்களோன்னு நெனச்சேன். ஆனா வரச் சொல்லி இருந்துச்சு. அதான் வந்தேன்."

நிதானம் நிமிர்ந்து பார்த்தாள். எதையும் பதியாதவருக்கு எப்படிச் செய்தி போகும்? கட்டங்களைத் தொடாமலே விட்டவர்களுக்குத் தரவுத்தளத்தில் 'விவரம் தெரியாது' என்றுதான் இருக்கும். அவர்கள் எந்தக் கேள்விக்கும் அகப்படமாட்டார்கள்.

"சேரும்போது ஏதாவது கட்டத்தத் தொட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "மொதல்ல மரவேலைன்னு டிக் போட்டேங்க. எங்க மச்சான் தச்சர். பலகைய அறுக்கறப்போ மறுமுனைய நான்தான் பிடிச்சுக்குவேன். ஏணில ஏறுனா அடியில நிப்பேன். அப்புறம் யோசிச்சேன். அது மரவேலைன்னு ஆயிடுமா? ஆகாது. அதனால டிக்க எடுத்துட்டேன். மறுமுனைய பிடிக்கறதுக்குத் தனியா கட்டம் இருக்கான்னு தேடினேன். இல்ல."

அவளுக்கு இப்போது விளங்கிற்று. டிக் போட்டு எடுத்ததால் அவருடைய கட்டத்தில் 'தெரியாது' என்பது போய், வெறும் பை வந்து உட்கார்ந்துவிட்டது. வெறும் பைக்குள் குழாய் வேலை அடங்காது, வெல்டிங் அடங்காது. ஊரில் யார் எதைக் கேட்டாலும் அவர் பெயர் வராது. அவருக்குள் அடங்கக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், இன்னொரு வெறும் பை. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் பதிந்த வேலை அது. இண்டெக்ஸில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கென்றும் ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்கள்; அவர் அங்கே இத்தனை காலமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மற்ற அத்தனை பேரும் அன்றைக்குத் தப்பாக வந்தவர்கள். இவர் ஒருவருக்குத்தான் செய்தி சரியாகப் போயிருக்கிறது.

இதையெல்லாம் அவள் வெளியில் சொல்லவில்லை. "இவர வெச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

"ஏன்?" என்றார் பெரியவர்.

"பொருத்தமா இருக்கார்."

"பேசுவியா?" என்று பெரியவர் அவரைக் கேட்டார்.

"கேட்டா பேசுவேங்க."

"கேக்கலன்னா?"

"சும்மா இருப்பேன்."

"கண்ணுல மருந்து விடத் தெரியுமா?"

"விட்டதில்ல. ஆனா கை ஆடாது. வாள் ஓடும்போது பலகைய பிடிச்ச கை."

அதைக் கேட்டதும் பெரியவர் கொஞ்சம் தயங்கினார். வாளும் கண்ணும் ஒரே பேச்சில் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் மருந்து விடுகிற நேரம் நெருங்கியிருந்தது. அவர் எழுந்து உள்ளே போனார். மறுமுனை பிடிக்கிறவர் பின்னாலேயே போனார். சோப்பு எங்கே என்று கேட்டுக் கையைக் கழுவினார். நிதானம் வாசலில் நின்றபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால் பார்த்தாள். பெரியவர் தலையைச் சாய்த்தார். மற்றவர் ஒட்டுநாடாவைப் பிரித்து மூடியை எடுத்துவிட்டு, கீழிமையை ஒரு விரலால் மெல்ல இழுத்து, குப்பியை மேலே பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. கன்னத்தில் ஒன்றும் வழியவில்லை.

"விட்டாச்சா?" என்றார் பெரியவர்.

"ஆச்சுங்க."

"தெரியவே இல்லையே."

நிதானம் கிளம்பினாள். அப்போதுதான், அவ்வளவு நேரமும் தன் கை வாசலில் சாய்ந்திருந்த ஏணி ஒன்றின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. யாரோ ஏணியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிய பெண், சாயங்காலமே நிறுவனத்துக்குக் கூப்பிட்டாள். மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மன்னிப்பைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்தார். அவள் நன்றி சொன்னாள். ஃபேன் இப்போது சத்தம் போடுவதில்லை என்றும், அப்பா நாள் முழுக்க யாரையும் திட்டவில்லை என்றும், இரண்டில் எது எப்படி நடந்தது என்று தனக்குப் புரியவில்லை என்றும் சொன்னாள். வாசலில் ஓர் ஏணி இருப்பதாகவும், அது யாருடையது என்றும் கேட்டாள்.

மேலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'கூட இருத்தல்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்துவிடலாம் என்றார். சேர்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் அதில் டிக் போட்டுவிட்டார்கள். கொத்தனார் போட்டார், எலிமருந்துக்காரர் போட்டார். தம்பியும் போட்டான்.

"நீ ஏண்டா போட்ட?"

"என்னக்கா, கூட இருக்கறதுக்கு என்ன பெரிய படிப்பா? எனக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றாள் நிதானம். "உக்காந்த இடத்துல எதையாவது கழட்டுவ."

அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான். பிறகு டிக்கை எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான். அவள் பார்த்தாள், எடுக்கவில்லை.

டிக் போடாதவர் அந்த மறுமுனைக்காரர் மட்டும்தான். அவள் தொலைபேசியில் கேட்டபோது, "தெரியும்னு எழுதிக் குடுக்கற அளவுக்கு இல்லீங்க. சும்மாத்தானே இருந்தேன்" என்றார். அவரோடு வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தான் அவர் இடத்தில் இருந்தாலும் டிக்கை எடுத்திருப்பாள். ஆகவே கேள்வியின் தலைமாட்டில் இருந்த அந்த இரண்டு வரிகளைக் கொஞ்சம் திருத்தினாள். கேட்பது ஒன்றும் இல்லாத வேலை வந்தால், கேட்டவை ஆளுடைய தொழில்களுக்குள் அடக்கமா என்று மட்டும் பார்க்காமல், ஆளுடைய தொழில்களும் கேட்டவற்றுக்குள் அடக்கமா என்று திருப்பியும் பார்க்கவைத்தாள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால், அதாவது ஆளுடையதும் வெறும் பையாக இருந்தால் மட்டும் செய்தி போகும். மேலாளர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார்.

"இதுல எத்தன பேர் வருவாங்க?"

"இப்போதைக்கு ஒருத்தர்."

"ஒருத்தருக்காகவா ஒரு வரி?"

"ரெண்டு வரி சார்."

மேலாளர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சக்கரம் சுற்றாததை நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாதிரி வேலைகள் அடிக்கடி வரவில்லை. ஆனால் வந்தன. வீடு மாற்றுகிற ஒருவருக்குப் பீரோவின் மறுபக்கத்தைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. ஓர் அம்மாளுக்கு வங்கிக்குத் தனியாகப் போகப் பயம். யாரோ ஒரு மாணவன் தன் பேச்சுப்போட்டி உரையை எதிரில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும் என்று பதிந்திருந்தான். எல்லோரும் எதை டிக் போடுவது என்று தெரியாமல் விட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அவர் போய்வந்தார். உரை எப்படி இருந்தது என்று அவள் ஒருமுறை கேட்டாள். கொஞ்சம் நீளம் என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் நீதிமன்றத்துப் பெரியவர் நேரே அவளுடைய எண்ணுக்கே கூப்பிட்டார். கைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உங்க ஆளப்பத்திப் புகார் சொல்லணும்."

"சொல்லுங்க ஐயா. என்ன பண்ணார்?"

"அன்னிக்கு என் பொண்ணு வந்து கதவத் தட்டினதும் எழுந்து போயிட்டான். நான் ஒரு கேஸ்கதை சொல்லிட்டிருந்தேன். கொலைக் கேஸ். பாதியில நிக்குது."

"வேலை முடிஞ்சிருக்கும்."

"வேலை முடியும். கதை எங்க முடிஞ்சது?"

"இப்போ உங்க கண்ணு எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கு. எல்லாம் தெரியுது. எதிர்வீட்டுச் சுவர்ல விரிசல்கூடத் தெரியுது."

"அப்போ ஆள் தேவைப்படாதே."

எதிர்ப்பக்கம் அமைதி. அவ்வளவு பெரிய குரல் இருந்த இடத்தில் ஃபேன் சுற்றுகிற மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நிதானம் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குக் கஷ்டமில்லை.

"இன்னொரு கண்ணு இருக்குல்ல?" என்றார் பெரியவர் கடைசியில். "அதுக்கு எப்போ ஆபரேஷன்னு டாக்டரக் கேட்டா, அவசரமில்லங்கறார். நீங்க கம்ப்யூட்டர்ல பெரிய ஆளுதானே. கொஞ்சம் சீக்கிரமா ஒரு தேதி கிடைக்குமான்னு பாருங்க."